“எங்க சார் கீது?”: இணைய வகுப்பை அடுக்கி வைப்பது எப்படி

இரவு ஒன்பதரை மணிக்கு ஒரு மெசேஜ். “சார், போன வாரம் தேய்மானம் கணக்கு போட்டீங்களே, அது எங்க சார் கீது?”

வட ஆற்காட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்காக: ‘கீது’ என்றால் ‘இருக்கிறது’. கேட்டவள் குடியாத்தம் பக்கத்திலிருந்து வரும் மாணவி. வீட்டில் ஒரே ஒரு ஸ்மார்ட்போன், அதுவும் அப்பாவுடையது. அவர் வேலை முடிந்து வந்து, சாப்பிட்டுப் படுத்த பிறகுதான் போன் இவள் கைக்கு வரும். அவளுக்குக் கிடைப்பது ஒரு மணி நேரம்.

சரி, எடுத்துக் கொடுப்போம் என்று குரூப்பில் தேடினேன். 64 பேர் இருக்கும் வாட்ஸ்அப் குரூப். பிறந்தநாள் வாழ்த்து, ‘நாளைக்கு காலேஜ் உண்டா?’ என்று பத்துப் பேர், ‘ஓகே சார்’ என்று நாற்பது பேர், யாரோ தள்ளிவிட்ட ஸ்காலர்ஷிப் ஃபார்வர்டு. மேலே தள்ளித் தள்ளிக் கட்டைவிரல் வலித்ததுதான் மிச்சம். கடைசியில் கிடைத்த கோப்பின் பெயர் ‘ஸ்கேன் 0017’. திறந்தால் இரண்டாம் பக்கம் தலைகீழ். போட்டவன் நான். எனக்கே கால் மணி நேரம் ஆனது என்றால், அவளுடைய ஒரு மணி நேரத்தில் எவ்வளவு போயிருக்கும்?

காட்பாடிப் பக்கம் ஒரு கல்லூரியில் வணிகவியல் நடத்துகிறேன். கணினிக்காரன் இல்லை. அதனால் இணைய வகுப்பு என்பதை எனக்குத் தெரிந்த கணக்குப்பதிவியலை வைத்துத்தான் புரிந்துகொண்டேன். அதையே இங்கே சொல்கிறேன். டியூஷன் நடத்துபவர், பள்ளி ஆசிரியர், தையல் வகுப்பு எடுப்பவர் என்று யாருக்கும் பொருந்தும்.

குறிப்பேடும் பேரேடும்

பதினொன்றாம் வகுப்பில் கணக்குப்பதிவியல் எடுத்தவர்களுக்கு இது முதல் சில பாடங்களிலேயே வந்துவிடும். கடையில் நடப்பதையெல்லாம் நடந்த தேதி வரிசையில் ஓர் ஏட்டில் எழுதுவோம். காலையில் சரக்கு வாங்கியது, மதியம் வாடகை கொடுத்தது, சாயங்காலம் ஒருவர் பழைய பாக்கியில் பாதி கொடுத்தது என்று எல்லாம் ஒன்றன் கீழ் ஒன்றாக. அதுதான் குறிப்பேடு. எழுதுபவருக்கு மிகவும் வசதி. நடக்க நடக்க எழுதிக்கொண்டே போகலாம்.

ஆனால் ‘அந்தக் கடைக்காரர் நமக்கு எவ்வளவு தரவேண்டும்?’ என்று முதலாளி கேட்டால் குறிப்பேடு கைகொடுக்காது. மொத்தத்தையும் புரட்டவேண்டும். அதற்காகத்தான் ஒவ்வொரு பதிவையும் அதற்குரிய தலைப்பின் கீழ் இன்னோர் ஏட்டில் எடுத்தெழுதுகிறோம். அது பேரேடு. அதில் அந்தக் கடைக்காரருக்கென்று ஒரு பக்கம் இருக்கும். திறந்தால் பதில் கிடைத்துவிடும்.

வாட்ஸ்அப் குரூப் ஒரு குறிப்பேடு. எது எப்போது நடந்ததோ அந்த வரிசையில் கிடக்கும். நம்மில் பலர் அதோடு நிறுத்திவிடுகிறோம், பேரேட்டில் எடுத்தெழுதுவதே இல்லை. இணைய வகுப்புக்கான இடம், அதாவது கோர்ஸ் பக்கம், பேரேடாக இருக்கவேண்டும். மாணவர் எந்தக் கேள்வியோடு வருவாரோ அந்தக் கேள்வியே அங்கே தலைப்பாக இருக்கவேண்டும்.

இன்னொன்றும் உண்டு. குறிப்பேட்டில் பே.ப.எ. என்று ஒரு சின்னப் பத்தி இருக்கும். பேரேட்டுப் பக்க எண். இந்தப் பதிவு பேரேட்டில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று காட்டுவது. தேர்வில் பெரும்பாலும் காலியாகவே விட்டுவிடுவார்கள். இணைய வகுப்பில் அது உயிர்நாடி; கொஞ்சம் கழித்து அதற்கு வருகிறேன்.

எந்த இடத்தில் வைப்பது

இதற்கென்றே இருக்கும் மென்பொருள்களை எல்எம்எஸ் என்பார்கள். தமிழில் கற்றல் மேலாண்மை அமைப்பு என்று எழுதுகிறார்கள். யாரும் அப்படிப் பேசிக் கேட்டதில்லை. கல்லூரிகளில் அதிகம் காதில் விழும் பெயர் மூடுல். 2002-ல் வெளிவந்தது, இலவசம், மூலநிரலையும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அதை உருவாக்கிய மார்ட்டின் டூகியாமாஸ் மேற்கு ஆஸ்திரேலியாவின் பாலைவனப் பகுதியில் வளர்ந்தவர். பக்கத்தில் பள்ளிக்கூடம் கிடையாது. ரேடியோ வழியாகப் பாடம் கேட்டு, விமானத்தில் வரும் தாள்களை வைத்துப் படித்தவர். தூரத்திலிருந்து படிப்பது எப்படி இருக்கும் என்று தெரிந்த ஆள். மூடுலை நிறுவ ஒரு சர்வரும் அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளும் வேண்டும். உங்கள் நிறுவனத்தில் ஏற்கெனவே இருந்தால் பயன்படுத்துங்கள்.

தனி ஆளாக நடத்துபவர்களுக்கு 2014-ல் வந்த கூகுள் கிளாஸ்ரூம் போதும். ஒரு ஜிமெயில் கணக்கு இருந்தால் வகுப்பு தொடங்கலாம். கோப்புகள் உங்கள் கூகுள் டிரைவில், அதாவது இணையத்தில் கோப்பு வைத்துக்கொள்ளும் அலமாரியில், 15 ஜிபி இலவச இடத்தில் போய் உட்காரும். அதுகூட வேண்டாம் என்றால் ஒழுங்காக அடுக்கிய ஒரு டிரைவ் ஃபோல்டரே போதும். எதில் வைத்தாலும் அடுக்கும் முறை ஒன்றுதான். மோசமாக அடுக்கிய மூடுலைவிட நன்றாக அடுக்கிய ஃபோல்டர் எவ்வளவோ மேல். நான் இரண்டையும் பார்த்திருக்கிறேன்.

வகை வகையாக அடுக்கியது என் முதல் தப்பு

அந்த மெசேஜுக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து கிளாஸ்ரூம் ஒன்றை அமைத்தேன். ஐந்து தலைப்புகள்: குறிப்புகள், வீடியோக்கள், பயிற்சிக் கணக்குகள், பழைய வினாத்தாள்கள், அறிவிப்புகள். பார்க்க அவ்வளவு சுத்தம். எனக்கே பெருமை.

அடுத்த வாரம் மறுபடியும் ‘எங்க சார் கீது?’

யோசித்தால் காரணம் புரிந்தது. தேய்மானம் படிக்க வருகிற மாணவி முதலில் ‘குறிப்புகள்’ போய், இருபது கோப்புகளில் ஒன்றைத் தேடி எடுக்கவேண்டும். அப்புறம் ‘வீடியோக்கள்’. அப்புறம் ‘பயிற்சிக் கணக்குகள்’. இந்தப் பாடத்துக்கு இந்த மூன்றும் ஒன்றுசேரும் என்பது என் மண்டைக்குள் மட்டும்தான் இருந்தது. நான் அடுக்கியது என் அலமாரியை. அவளுக்கு வேண்டியது அன்றைய பாடம்.

வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் மொத்தக் கடைகள் ஒரு பக்கம் மூட்டை மூட்டையாக வைத்திருப்பார்கள். வெங்காயம் ஓரிடம், தக்காளி ஓரிடம். தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கும் பாட்டியோ கூறு கட்டி வைத்திருப்பார். நாலு முள்ளுக் கத்தரிக்காய், ஒரு முருங்கைக்காய், கொஞ்சம் மாங்காய் என்று ஒரு வேளைக் குழம்புக்கு வேண்டியது ஒரே கூறில் இருக்கும். மூட்டை மூட்டையாக அடுக்கினால் விற்பவர் கணக்குப் பார்க்க எளிது. கூறு கட்டினால் வாங்குபவருக்கு எளிது. கோர்ஸ் பக்கத்தைக் கூறு கட்டி வைக்கவேண்டும்.

என்ன கூறு? என் அனுபவத்தில் வாரம்தான் சரியான அளவு. பாடம் அல்லது அலகு என்று வைத்தால் பெரிதாகிவிடும். நம் பல்கலைக்கழகப் பாடத்திட்டங்களில் ஒரு தாளுக்கு வழக்கமாக 5 அலகுகள். ஒரு அலகு மூன்று வாரம் ஓடும். ‘அலகு 2’ என்ற தலைப்பின் கீழ் பதினைந்து கோப்புகள் கிடந்தால் மறுபடியும் தேடல்தான். நாள் என்று வைத்தால் பொடிப்பொடியாகிவிடும். வாரம் என்றால் மாணவர் மனதில் இருக்கும் கேள்வியோடு அப்படியே பொருந்தும்: இந்த வாரம் என்ன, போன வாரம் எதை விட்டேன். ஐஐடிகளும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்பிடெல் இணையவழிப் படிப்புகளைத் திறந்து பாருங்கள். 4 வாரம், 8 வாரம், 12 வாரம் என்றுதான் கட்டமைத்திருப்பார்கள். வாரத்துக்கு ஒரு பயிற்சி.

என் தலைப்பு இப்படி இருக்கும்: ‘வாரம் 07 – அலகு 3 – வங்கிச் சரிகட்டும் பட்டியல்’. எண், அலகு, பாடத்தின் பெயர். கிளாஸ்ரூமில் ‘கிளாஸ்வொர்க்’ பக்கத்தில் ‘டாபிக்’ என்று சேர்ப்பது இதற்குத்தான். மூடுலில் வாராந்திர அமைப்பு என்றே ஒன்று உண்டு. நடப்பு வாரத்தை மேலே இழுத்து வைத்துவிடுங்கள். போன் திரையில் முதலில் கண்ணில் படுவது அதுவாக இருக்கட்டும்.

ஒரு எச்சரிக்கை. ஜூனிலேயே பதினைந்து வாரத்துக்கும் தலைப்புப் போட்டு, உள்ளே ஒன்றும் இல்லாமல் விட்டுவிடாதீர்கள். வேலூரைக் கிண்டல் செய்ய நம் ஊர்க்காரர்களே சொல்வார்கள், தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை என்று. அந்தப் பட்டியலில் இதுவும் சேர்ந்துவிடும். இரண்டு முறை திறந்து வெறுமையைப் பார்த்தவர் மூன்றாம் முறை திறக்கமாட்டார். மூடுலில் கண் படத்தைத் தட்டினால் ஒரு பகுதியை மறைத்து வைக்கலாம். கிளாஸ்ரூமில் டிராஃப்டாக, அதாவது மாணவர் கண்ணில் படாத வரைவாக, வைத்துக்கொள்ளலாம், தேதி குறித்துத் தானாக வெளியாகும்படியும் வைக்கலாம். தேதி போடும்போது இரண்டு வாரத்துக்கு மேல் போடாதீர்கள். நவம்பரில் கலெக்டர் மழை விடுமுறை அறிவித்தால் எல்லாம் தள்ளிப்போகும்.

ஒரு கூறுக்குள் என்ன இருக்கும்

மேலே மூன்று வரி. ‘இந்த வாரம் வங்கிச் சரிகட்டும் பட்டியல். பாஸ்புக் இருப்பும் நம் ரொக்க ஏட்டு இருப்பும் ஏன் ஒத்துப்போவதில்லை என்று பார்க்கிறோம். முதலில் 1-ஐப் படியுங்கள், அப்புறம் 2-ஐப் பாருங்கள், சனிக்கிழமைக்குள் 3-ஐச் செய்து அனுப்புங்கள்.’ அவ்வளவுதான். இந்த மூன்று வரியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். வகுப்பறையில் நாம் வாயால் சொல்லிவிடுகிற விஷயம் இது என்பதால் எழுதத் தோன்றுவதில்லை. எழுதாவிட்டால் மாணவருக்கு முன்னால் கிடப்பது வெறும் கோப்புகள். எதை முதலில் எடுப்பது என்று தெரியாது.

அதற்குக் கீழே மூன்று முதல் ஐந்து பொருள். அதற்கு மேல் போகவேண்டாம். கூடுதலாகப் படிக்க ஆசைப்படுபவர்களுக்கு ஆறு வீடியோ இணைப்பு கொடுக்கத் தோன்றும். கொடுங்கள், ஆனால் ‘விருப்பம் இருந்தால்’ என்று கடைசியில் ஒரே கோப்பாக. ஆறையும் தனித்தனியாக மேலே போட்டால், எது கட்டாயம் எது கூடுதல் என்று புரியாமல் நல்ல மாணவர் ஆறையும் பார்த்துக் களைத்துப்போவார், சுமாரான மாணவர் ஒன்றையும் பார்க்கமாட்டார்.

ஆஸ்திரேலிய உளவியலாளர் ஜான் ஸ்வெல்லர் 1988-லிருந்து வளர்த்தெடுத்த ஒரு கருத்து இங்கே உதவும். ஒரே நேரத்தில் மனம் கையாளக்கூடியது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தில் ஒரு பகுதி பாடத்தின் கடினத்துக்குப் போகிறது. அதைத் தவிர்க்க முடியாது. இன்னொரு பகுதி பாடம் வைக்கப்பட்டிருக்கும் விதத்தால் வீணாகப் போகிறது. தேடுவது, முன்னும் பின்னும் புரட்டுவது, இது எதோடு சேரும் என்று குழம்புவது எல்லாம் அந்த வீண் சுமை. அடுக்கி வைப்பது அழகுக்காக இல்லை, இந்தச் சுமையைக் குறைப்பதற்காக.

இதிலிருந்து ஒரு நேரடிப் பாடம் எனக்குக் கிடைத்தது. இறுதிக் கணக்குகள் நடத்தும்போது இருப்பாய்வை (எல்லாக் கணக்குகளின் இருப்பையும் காட்டும் பட்டியல்) ஒரு பிடிஎஃப்பிலும் சரிக்கட்டுதல்களை (அதில் செய்யவேண்டிய மாற்றங்கள்) இன்னொரு பிடிஎஃப்பிலும் போட்டிருந்தேன். பெரிய திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஆறங்குலப் போனில்? ஒன்றைத் திறந்து ‘கட்டிடத்துக்கு 10 சதவீதம் தேய்மானம்’ என்று படித்து, மூடி, மற்றதைத் திறந்து கட்டிடத்தின் மதிப்பைத் தேடுவதற்குள் 10-ஆ 15-ஆ என்று மறந்துவிடும். கவனம் இரண்டாகப் பிளந்துபோகிறது. இப்போது சேர்ந்து பார்க்கவேண்டியது எதுவாக இருந்தாலும் ஒரே பக்கத்தில், மேலும் கீழுமாக வைக்கிறேன்.

கோப்புக்குப் பெயர்

காட்பாடி ஸ்டேஷனில் இறங்கி ஆஸ்பத்திரிக்கு வழி கேட்கும் வெளியூர்க்காரரிடம் நாம் என்ன சொல்கிறோம்? “ஒண்ணு, ரெண்டு எது வந்தாலும் ஏறுங்க.” காட்பாடிக்கும் பாகாயத்துக்கும் ஓடுகிற பஸ். தமிழ் படிக்கத் தெரியாதவர்கூட எண்ணைப் பார்த்து ஏறிவிடுவார். கோப்புப் பெயரும் எண்ணில் தொடங்கட்டும்.

‘07-1 வங்கிச் சரிகட்டும் பட்டியல் – குறிப்பு’, ‘07-2 வங்கிச் சரிகட்டும் பட்டியல் – செய்துகாட்டிய கணக்கு’, ‘07-3 வங்கிச் சரிகட்டும் பட்டியல் – பயிற்சி’. முதல் எண் வாரம், இரண்டாவது வரிசை. 7 என்று போடாமல் 07 என்று போடுவதற்குக் காரணம் உண்டு. பல போன்களிலும் கணினிகளிலும் பெயரை எழுத்து எழுத்தாக ஒப்பிட்டு அடுக்குவதால் 10 போய் 2-க்கு முன்னால் நின்றுவிடும். முன்னால் ஒரு சுழியம் போட்டால் வரிசை குலையாது. கோப்பை மாணவர் இறக்கிவைத்துக்கொண்டு, இணையமே இல்லாத இடத்தில் தன் போனில் தேடும்போதும் இந்தப் பெயர் கூடவே போகும். ‘ஸ்கேன் 0017’ போனால் அநாதையாகத்தான் கிடக்கும்.

திருத்தம் வந்தால் ‘புதியது’, ‘கடைசி’, ‘கடைசி-2’ என்று பெயர் வைக்கிற பழக்கம் எனக்கும் இருந்தது. எது உண்மையான கடைசி என்று ஒரு முறை எனக்கே தெரியவில்லை. டிரைவில் ஒரு கோப்பின் பெயரை மாற்றாமல், இணைப்பையும் மாற்றாமல், உள்ளே மட்டும் புதிய பதிப்பை ஏற்றும் வசதி இருக்கிறது. ‘மேனேஜ் வெர்ஷன்ஸ்’ என்று இருக்கும். பழைய இணைப்பை வைத்திருப்பவருக்கும் திருத்தியதே திறக்கும்.

தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த வேர்டு கோப்பை அப்படியே அனுப்பினால், அந்த எழுத்துரு இல்லாத போனில் ஆங்கில எழுத்தும் குறிகளும் கலந்த ஏதோ ஒன்றுதான் தெரியும். மாணவர் ‘திறக்கல சார்’ என்பார். திறந்திருக்கும், ஆனால் படிக்க முடியாது. பிடிஎஃப் ஆக்கி அனுப்பினால் கண்ணுக்குத் தெரியும்; ஆனால் அதற்குள் ‘தேய்மானம்’ என்று தேடினால் கிடைக்காது. எல்லாப் போனுக்கும் பொதுவான எழுத்துமுறையான யூனிகோடில் அடித்தால் இரண்டும் தீரும். பழைய குறிப்புகளை மாற்றக் கொஞ்சம் மெனக்கெடவேண்டும், வேறு வழியில்லை.

சிக்னல் இல்லாத ஊருக்கும் சேர்த்து

என் வகுப்பில் ஒருவன் அணைக்கட்டுத் தாலுகாவில், மலைமேல் பீஞ்சமந்தைப் பக்கத்திலிருந்து வந்தான். வீட்டில் சிக்னல் கிடையாது. கீழே இறங்கும்போது இறக்கிக்கொண்டு போய் மேலே படிப்பான். இன்னொருத்தி சனி, ஞாயிறு ஷூ கம்பெனி வேலைக்குப் போகிறவள், பஸ்ஸில் படிப்பாள். இவர்களை மனதில் வைத்தால் கோப்பு எவ்வளவு பெரியதாக இருக்கலாம் என்று தானாகத் தெரியும்.

கரும்பலகையை 12 போட்டோ எடுத்து அப்படியே போட்டால், ஒன்று 4 எம்பி என்று வைத்தாலும் 48 எம்பி. அதையே போனில் இருக்கும் ஸ்கேன் வசதியில் கறுப்பு வெள்ளைப் பிடிஎஃப் ஆக்கினால் மிகவும் சுருங்கிவிடும், நிழலும் போய் எழுத்தும் தெளிவாகும். விளக்கம் பேசவேண்டும் என்றால் எல்லாவற்றையும் வீடியோ ஆக்கவேண்டியதில்லை. பேச்சுக்குப் போதுமான 32 கேபிபிஎஸ் தரத்தில் 10 நிமிட ஆடியோ இரண்டரை எம்பிக்குள் அடங்கும். கையில் குறிப்பு, காதில் என் குரல். கணக்குப் பாடத்துக்கு இது வீடியோவைவிட நன்றாகவே வேலை செய்கிறது. மாணவர் நிறுத்தி நிறுத்தித் தானும் போட்டுப் பார்க்கிறார். செய்துகாட்டியே ஆகவேண்டிய இடத்தில் மட்டும் வீடியோ. மூடுலுக்கு உள்ள போன் செயலியில் பாடத்தை இறக்கி வைத்து இணையம் இல்லாமலும் பார்க்கலாம்.

மணி அடிக்க மட்டும் வாட்ஸ்அப்

வாட்ஸ்அப்பை விடச் சொல்லவில்லை. சொன்னாலும் யாரும் கேட்கப்போவதில்லை. மாணவர்கள் இருப்பது அங்கேதான். ஆனால் அதில் கோப்புப் போடுவதை நிறுத்திவிட்டேன். புதிதாக ஒன்று ஏற்றியதும் குரூப்பில் ஒரு வரியும் இணைப்பும் மட்டும்: ‘வாரம் 07 ஏற்றியாயிற்று. சனிக்கிழமை கடைசி நாள்.’ இதுதான் நான் முன்னால் சொன்ன பே.ப.எ. குறிப்பேட்டில் பக்க எண், பொருள் பேரேட்டில்.

முதல் மாதம் கொஞ்சம் பிடிவாதம் வேண்டும். “சார், நீங்களே அனுப்பிடுங்க சார்” என்பார்கள். கோப்பை அனுப்புவது சுலபம், இரண்டு தட்டு. அனுப்பினால் அந்தப் பக்கத்துக்கு யாரும் போகமாட்டார்கள். நான் அவர்களுக்கு இணைப்பைத்தான் அனுப்புவேன். மூன்றாவது வாரத்தில் கேட்பது குறைந்துவிட்டது.

டிரைவ் இணைப்பைக் கொடுக்கும்போது அனுமதியைப் பாருங்கள். கிளாஸ்ரூமுக்குள் இணைத்தால் வகுப்பில் இருப்பவர்களுக்குப் பார்க்கும் அனுமதி தானாகப் போய்விடும். டிரைவிலிருந்து இணைப்பை மட்டும் எடுத்துக் குரூப்பில் ஒட்டினால் போகாது. ஒரு முறை தேர்வுக்கு முந்தின இரவு அப்படி ஒட்டிவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் பார்த்தால் அனுமதி கேட்டு முப்பத்துச் சொச்சம் மின்னஞ்சல்கள். தேர்வு பத்து மணிக்கு.

குரூப்பில் இன்னொரு சங்கடம், எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரியும். பெண்பிள்ளைகள் வீட்டில் இதற்குத் தயங்குவது நியாயம்தான். வாட்ஸ்அப் சேனலில் பின்தொடர்பவர்களின் எண் ஒருவருக்கொருவர் தெரியாது. மணி அடிக்க மட்டும் என்றால் அது போதும். மதிப்பெண் பட்டியலைப் பொதுவில் போடுவதையும் விட்டுவிடலாம். பதிவெண்தானே இருக்கிறது, பெயர் இல்லையே என்பார்கள். ஒரே வகுப்பில் யாருக்கு யார் பதிவெண் தெரியாது? கிளாஸ்ரூமிலும் மூடுலிலும் அவரவர் மதிப்பெண் அவரவருக்கு மட்டும் தெரியும்.

வாங்கும் இடம்

பயிற்சியை வாங்குவதற்கும் ஒரே இடம்தான். கொஞ்சம் மின்னஞ்சலில், கொஞ்சம் வாட்ஸ்அப்பில், கொஞ்சம் நோட்டில் என்று வாங்கினால் யார் கொடுத்தார், யார் கொடுக்கவில்லை என்று கணக்கு வைக்கவே தனி ஆள் வேண்டும். குரூப்பில் போட்டோவாக அனுப்பச் சொன்னால் முதல் ஆள் போட்டதையே மீதிப் பேர் பார்த்து எழுதுவார்கள். கிளாஸ்ரூமில் ‘அசைன்மென்ட்’ ஆகக் கொடுத்தால் ஒருவர் அனுப்பியது மற்றவருக்குத் தெரியாது. தனியாகக் கருத்தும் எழுதலாம்.

நான் எழுதும் குறிப்பு கிட்டத்தட்ட இப்படி இருக்கும்: ‘07-3-ல் உள்ள 2 கணக்குகளையும் நோட்டில் போடுங்கள். பக்கங்களை ஒரே பிடிஎஃப் ஆக்கி இங்கே இணைத்து, டர்ன் இன் தட்டுங்கள். விடை தவறானாலும் படிகளுக்கு மதிப்பெண் உண்டு. சனி இரவு 8 மணி வரை. போன் கிடைக்காதவர்கள் முன்கூட்டியே சொல்லுங்கள்.’ நேரத்தைக் கண்டிப்பாகப் போடுங்கள். தேதி மட்டும் போட்டால் கிளாஸ்ரூம் இரவு 11:59 என்று வைத்துக்கொள்ளும், பிள்ளைகளும் அதுவரை விழித்திருப்பார்கள். ‘டர்ன் இன்’ தட்டவேண்டும் என்பதையும் சொல்லுங்கள். இணைத்துவிட்டு அதைத் தட்டாமல் ‘அனுப்பிட்டேன் சார்’ என்பவர்கள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள்.

மாணவராக ஒரு முறை உள்ளே போங்கள்

ஆசிரியர் திரையும் மாணவர் திரையும் ஒன்றில்லை. நமக்குத் தெரிவது பாதி அவர்களுக்குத் தெரியாது. மூடுலில் மாணவர் நிலைக்கு மாறிப் பார்க்கும் வசதி இருக்கிறது. கிளாஸ்ரூமுக்கு நான் செய்வது: இன்னொரு ஜிமெயில் கணக்கு தொடங்கி, அதை மாணவராகச் சேர்த்து, வீட்டில் கிடக்கும் பழைய போனில் திறப்பேன். வைஃபையை அணைத்துவிட்டு. அந்தப் போனில் ஒரு பிடிஎஃப் திறக்க எடுக்கும் நேரத்தைப் பார்த்தால் பெரிய கோப்பு போடும் ஆசையே போய்விடும்.

என் மனைவியை ஒரு நாள் உட்கார வைத்தேன். அவளுக்குக் கணக்குப்பதிவியல் தெரியாது. “இந்த வாரம் என்ன அனுப்பணும், எப்போ அனுப்பணும், சொல்லு” என்று மட்டும் கேட்டேன். அரை நிமிடத்தில் சொன்னாள். அதற்கு முந்தின வருடத்து வகுப்பைக் காட்டி அதையே கேட்டேன். இரண்டு நிமிடம் தட்டிப் பார்த்துவிட்டு, “சாம்பார் கொதிக்குது” என்று எழுந்து போய்விட்டாள்.

வருடம் முடிந்த பிறகு

மே மாத வேலூர் வெயிலில் பகலில் வெளியே தலைகாட்ட முடியாது. அந்த நாட்கள்தான் இதற்கு. வகுப்பை அப்படியே நகலெடுக்கும் வசதி கிளாஸ்ரூமில் உண்டு. தலைப்புகளும் பயிற்சிகளும் டிராஃப்டாக வந்துவிடும், மாணவர்கள் வரமாட்டார்கள். முதல் வருடம் வாராவாரம் மூன்று மணி நேரம் ஆனது. இரண்டாம் வருடம் அரை மணி. ஒவ்வொரு வாரத்திலும் மாணவர் அதிகம் கேட்ட கேள்வியை அந்த மூன்று வரியில் சேர்த்துவிடுகிறேன், யாரும் திறக்காத கோப்பை எடுத்துவிடுகிறேன்.

பழைய வகுப்பை அழிக்காதீர்கள், ஆர்கைவ் செய்யுங்கள். அதில் புதிதாக எதையும் அனுப்ப முடியாது. ஆனால் சேர்ந்திருந்தவர்கள் உள்ளே போய்ப் பார்க்கலாம். ஏன் என்றால் அரியர் என்று ஒன்று இருக்கிறதே. போன அக்டோபரில் இரவு பத்து மணிக்கு ஒரு பழைய மாணவனிடமிருந்து மெசேஜ்: “சார், நான் போன பேட்ச். தேய்மானம் அரியர் வெச்சிருக்கேன். நோட்ஸ் இன்னும் கீதா சார்?” ஆர்கைவில் இருந்த வாரம் 05-இன் இணைப்பை எடுத்து அனுப்பினேன். ஒரு நிமிடத்தில் பதில் வந்தது. “கீது சார்.”